கழுத்துக் குழாயும் முழங்கால் வீக்கமும்: குருதிச் சுத்திகரிப்புப் பெறுவோரின் மூட்டுகளில் பற்றீரியாத் தொற்று

2019 ஆம் ஆண்டு மார்கழி மாதத்தில், வவுனியா மாவட்டத்தின் எல்லைக் கிராமமொன்றில் வாழும் கமக்காரர் ஒருவரைப் பார்க்கச் சென்றிருந்தோம். அவருக்கு வயது 52. இரண்டு ஏக்கர் வயலும் ஒரு சிறு தோட்டமும் அவருடைய சொத்து. சிறுநீரகங்கள் இரண்டும் செயலிழந்த நிலையில், வாரத்தில் இரண்டு நாட்கள் விடியப்புறம் பஸ் ஏறிச் சென்று குருதிச் சுத்திகரிப்புப் பெற்று வந்தார். நாம் சென்ற வேளை அவர் ஆறு வாரங்கள் வைத்தியசாலையில் இருந்துவிட்டு வீடு திரும்பியிருந்தார். முற்றத்து வாங்கில் வலது காலை நீட்டியபடி அமர்ந்திருந்தார். அந்த முழங்கால் இனி மடங்காது என்று வைத்தியர்கள் கூறிவிட்டார்கள்.

நடந்ததை அவரது மனைவி விபரித்தார். காலபோக விதைப்பு நேரம் வயல் வரம்பில் கால் சறுக்கியது. அடுத்த நாள் முழங்கால் வீங்கியது. சுளுக்கு என்று எண்ணி எண்ணெய் பூசி, பத்துப் போட்டுக் கட்டினார்கள். நோ கூடவே, கடையில் நோ மாத்திரை வாங்கிக் கொடுத்தார்கள். காய்ச்சல் இல்லாதபடியால் எவரும் பெரிதாக எடுக்கவில்லை. மூன்றாம் நாள் சுத்திகரிப்புக்குச் சென்றபோதும் அவர் தாதியிடம் வாய் திறக்கவில்லை. "சொன்னா வாட்டிலை மறிச்சுப் போடுவினம், விதைப்பு நிண்டுபோம்" என்பது அவரது எண்ணம். ஆறாம் நாள் நடுக்கம் பிடித்து நினைவு தடுமாறிய பின்னரே வாகனம் தேடினார்கள். முழங்காலைத் திறந்து சீழை அகற்ற வேண்டியதாயிற்று. கழுத்தில் இருந்த சுத்திகரிப்புக் குழாயையும் கழற்றினார்கள்.

அந்தத் தாய் எம்மிடம் கேட்ட கேள்வி ஒன்றுதான். "கழுத்தில கிடக்கிற குழாய்க்கும் முழங்காலுக்கும் என்ன சம்பந்தம், சுவாமி?"

நியாயமான கேள்வி. அதற்கான விடையை முன்னரே அறிந்திருந்தால் அந்தக் குடும்பம் ஆறு நாட்களை இழந்திருக்காது. எனவே இந்த இதழில் அந்தக் கேள்வியையே எமது பாடமாக எடுத்துக்கொள்கிறோம்.

இது ஏன் எமது கிராமங்களின் பிரச்சினை?

1990 களில் இருந்து வடமத்திய மாகாணத்திலும் அதனை அண்டிய பகுதிகளிலும் நீண்டகாலச் சிறுநீரக நோய் பரவலாக இனங்காணப்பட்டு வருகின்றது. மதவாச்சி, பதவியா, மெதிரிகிரிய, கிராந்துருக்கோட்டை, வவுனியா எனப் பாதிக்கப்பட்ட இடங்களின் பட்டியல் நீளும். பாதிக்கப்படுவோரில் பெரும்பாலானோர் கமத்தொழில் செய்யும் ஆண்கள். நீரிழிவோ உயர் குருதி அமுக்கமோ இல்லாதவர்களையும் இந்நோய் பிடிக்கின்றது. குடிநீர், வெப்பம், பூச்சிகொல்லி, பார உலோகங்கள் என்று பல காரணங்கள் ஆராயப்பட்டும் முடிவான காரணம் இன்னும் நிறுவப்படவில்லை. 2021 இல் பொலன்னறுவையில் சிறுநீரக நோய்க்கென்றே தேசிய வைத்தியசாலை ஒன்று திறக்கப்பட்டது. இவர்களோடு, நீரிழிவினால் சிறுநீரகம் பழுதடைந்தவர்களும் எல்லா மாவட்டங்களிலும் இருக்கின்றார்கள்.

ஆகவே குருதிச் சுத்திகரிப்பு என்பது இன்று நகரத்துச் செல்வரின் சிகிச்சை அல்ல. அயலில் உள்ள ஒருவர், எமது சங்கத்தில் அங்கத்தவராக உள்ள ஒருவர், வாரந்தோறும் அதற்காகப் போய் வருகின்றார். அவரது வீட்டில் எழக்கூடிய ஓர் ஆபத்தை அயலவர்களாகிய நாமும் அறிந்திருப்பது அவசியம்.

இயந்திரமும் வாசலும்

சிறுநீரகம் குருதியில் உள்ள கழிவையும் மேலதிக நீரையும் அகற்றுகின்றது. அதன் தொழிற்பாடு பத்தில் ஒரு பங்கு அளவுக்குக் குறைந்துவிட்டால், பெரும்பாலும் அந்த வேலையை இயந்திரத்திடம் ஒப்படைக்க வேண்டி வரும். உடலில் இருந்து குருதியை வெளியே எடுத்து, மெல்லிய சவ்வுகளின் ஊடாக ஓடவிட்டுச் சுத்தம் செய்து, மீண்டும் உடலுக்குள் அனுப்புவதே குருதிச் சுத்திகரிப்பு. ஒரு நிமிடத்துக்கு ஏறக்குறைய 300 மில்லிலீற்றர் குருதி இயந்திரத்தினூடாக ஓடும். ஒரு தடவைக்கு நான்கு மணித்தியாலம் வரை செல்லும்.

இத்தகைய இயந்திரத்தை மனிதருக்குப் பயன்படுத்திய முன்னோடிகளில் ஒருவர் நெதர்லாந்து வைத்தியர் வில்லெம் கொல்ஃப். 1943 இல், ஜேர்மன் படைகள் நாட்டை ஆக்கிரமித்திருந்த காலத்தில், கம்பென் என்ற சிறு நகரில், இறைச்சி அடைக்கும் செலோபேன் உறையைச் சவ்வாகப் பாவித்து அதனை அமைத்தார். ஆனால் ஒவ்வொரு தடவையும் குருதிக் குழாயை வெட்டித் திறக்க வேண்டியிருந்தது. சில தடவைகளின் பின் வெட்டுவதற்கு இடமே இல்லாமற் போயிற்று. இயந்திரம் இருந்தது, நிலையான வாசல் இருக்கவில்லை.

1960 இல் அமெரிக்காவின் சியற்றில் நகரில் வைத்தியர் பெல்டிங் ஸ்கிறிப்னர், கைத் தமனியையும் நாளத்தையும் இணைக்கும் டெப்லோன் குழாயைத் தோலுக்கு வெளியே நிரந்தரமாக விட்டுவைக்கும் முறையை அறிமுகம் செய்தார். அதனால் ஆண்டுக்கணக்கில் சுத்திகரிப்புச் செய்வது சாத்தியமாயிற்று. ஆயினும் வெளியே நிற்கும் குழாயில் குருதி உறைந்தது, தொற்றும் ஏற்பட்டது. 1966 இல் நியூயோர்க் வைத்தியர்களான பிறெஷா, சிமினோ ஆகியோரும் அவர்களது துணைவர்களும் வெளிக்குழாயே இல்லாமல், தமனியையும் நாளத்தையும் தோலின் கீழேயே இணைக்கும் வழியை வெளியிட்டார்கள். அதுவே இன்று பிஸ்ரியூலா எனப்படுகின்றது.

இந்த வரலாற்றை நாம் சொல்வதற்குக் காரணம் உண்டு. குருதிச் சுத்திகரிப்பின் பெரிய தொல்லை ஆரம்பம் முதல் இயந்திரம் அல்ல, வாசலே. குருதி வெளியே செல்லும் வாசலால் கிருமி உள்ளே வரவும் முடியும்.

இன்று மூன்று வகை வாசல்கள் உண்டு.

1. பிஸ்ரியூலா: கையில், தோலின் கீழ், தமனியும் நாளமும் இணைக்கப்பட்டது. தொற்று அபாயம் மிகக் குறைந்தது இதுவே.

2. செயற்கைக் குழாய் இணைப்பு: நல்ல நாளம் இல்லாதவர்களுக்குத் தோலின் கீழ் வைக்கப்படும் செயற்கைக் குழாய். அபாயம் நடுத்தரம்.

3. கதீற்றர்: பெரும்பாலும் கழுத்து நாளத்தினூடாக இதயத்தின் அருகு வரை செலுத்தப்படும் குழாய். அதன் மறுமுனை தோலுக்கு வெளியே நிற்கும். தொற்று அபாயம் மிகக் கூடியது இதுவே.

பிஸ்ரியூலா உள்ளவருக்கும் ஒவ்வொரு தடவையும் இரண்டு ஊசிகள் குத்தப்படுகின்றன. வாரத்துக்கு இரண்டு தடவை என்றால் ஆண்டுக்கு 208 ஊசித் துளைகள். மூன்று தடவை என்றால் 312. இத்தனை தடவை தோல் என்ற வேலி திறக்கப்படுகின்றது. கதீற்றர் உள்ளவருக்கோ அந்த வேலியில் எப்போதும் ஓர் இடைவெளி இருக்கின்றது.

கிருமி மூட்டுக்குப் போவது எப்படி?

எமது தோலிலும் மூக்கிலும் பற்றீரியாக்கள் குடியிருப்பது இயல்பு. அவற்றில் ஸ்டபைலோகொக்கஸ் ஒரியஸ் என்ற வகை, பத்துப் பேரில் ஏறக்குறைய மூவரின் மூக்கில் இருக்கின்றது. அங்கே இருக்கும் வரை அது தீங்கு செய்வதில்லை. ஊசித் துளையாலோ குழாயின் வாயாலோ குருதிக்குள் இறங்கினால், குருதி செல்லும் இடமெல்லாம் அதுவும் செல்லும்.

அது ஏன் மூட்டில் தங்குகின்றது? மூட்டின் உட்புறத்தை மூடியுள்ள மென்சவ்வில் நுண்ணிய குருதிக் குழாய்கள் நிறைய உண்டு. மற்ற உறுப்புகளில் உள்ளது போன்ற காப்புப் படை அந்தச் சவ்வின் கீழே இல்லை. எனவே குருதியில் வரும் கிருமி இலகுவாக மூட்டு நீருக்குள் நுழைந்துவிடும். நுழைந்தபின் அது பெருகும். எதிர்க்க வரும் வெண்குருதிக் கலங்கள் வெளிவிடும் நொதியங்கள், கிருமியோடு சேர்த்து எலும்பு நுனிகளை மூடியிருக்கும் கசியிழையத்தையும் அரித்துவிடும். கசியிழையத்துக்குக் குருதிக் குழாய் இல்லை. ஒருமுறை அழிந்தால் முன்போல் மீள வளராது. இந்த அழிவு சில நாட்களிலேயே நிகழ்ந்துவிடும். மூட்டு வாதம் ஆண்டுக்கணக்கில் செய்யும் சேதத்தைச் சீழ் ஒரு வாரத்தில் செய்துவிடும்.

முன்னரே தேய்ந்த மூட்டிலும் அடிபட்ட மூட்டிலும் கிருமி எளிதாகத் தங்கும். அந்தக் கமக்காரர் வரம்பில் சறுக்கியது உண்மை. ஆனால் அந்தச் சறுக்கலையே முழுக் காரணம் என்று எண்ணியதால் கிருமியைப் பற்றி எவரும் நினைக்கவில்லை.

இன்னொரு விடயமும் உண்டு. குருதியில் கழிவு தேங்கும்போது உடலின் எதிர்ப்புச் சக்தி தளர்கின்றது. நீரிழிவும் போசாக்குக் குறைவும் அதனோடு சேர்ந்தால் நிலைமை மேலும் மோசமாகும். ஆகவே இந்த நோயாளரின் உடலில் கிருமிக்கு நுழைவு இலகு, எதிர்ப்புக் குறைவு.

கழுத்துக் குழாய்க்கும் முழங்காலுக்கும் உள்ள சம்பந்தம் குருதியே. அந்தத் தாய்க்கு நாம் அளித்த விடையும் இதுதான்.

காய்ச்சல் இல்லையென்றால் தொற்று இல்லையா?

இங்கேதான் பலரும் தவறுகின்றோம். பொதுவாகவே, பற்றீரியாத் தொற்று ஏற்பட்ட மூட்டு நோயாளரில் ஏறக்குறைய அரைப்பங்கினருக்கு மட்டுமே காய்ச்சல் காணப்படும். குருதிச் சுத்திகரிப்புப் பெறுவோருக்கு உடலின் எதிர்த்தாக்கம் மந்தமானதால், காய்ச்சல் வராமலே குருதியில் கிருமி பரவியிருக்கக்கூடும். நோ மாத்திரையும் பனடோலும் இருக்கிற காய்ச்சலையும் மறைத்துவிடும்.

எனவே பின்வரும் குறிகளைக் கவனிக்க வேண்டும்:

• ஒரு மூட்டு திடீரென, ஓரிரு நாட்களுக்குள் நோகுதல், வீங்குதல்.
• தொட்டால் மறுபக்க மூட்டைவிடச் சூடாக இருத்தல்.
• சிறிது அசைத்தாலும் தாங்க முடியாத நோ. காலை ஊன்ற முடியாமை.
• சுத்திகரிப்பு நடக்கும்போதோ அதன் பின்னரோ குளிர் நடுக்கம் எடுத்தல்.
• குழாய் தோலில் இருந்து வெளிவரும் இடத்தில் சிவப்பு, நோ, கசிவு.

அதிகம் பாதிக்கப்படுவது முழங்கால். இடுப்பு, தோள், கணுக்கால், மணிக்கட்டு ஆகியவற்றிலும் வரலாம். சுத்திகரிப்புப் பெறுவோரில், மற்றவர்களில் அரிதாகத் தாக்கப்படும் மூட்டுகளையும் கிருமி தாக்குவதுண்டு. காறை எலும்பு நெஞ்செலும்போடு சேரும் மூட்டு அவற்றில் ஒன்று. முள்ளந்தண்டிலும் தொற்றலாம். இரவிலும் ஓயாத முதுகு நோ, கால்கள் சோர்தல், சிறுநீர் மலத்தை அடக்க முடியாமை என்பன தோன்றினால் ஒரு மணித்தியாலமும் தாமதிக்கக்கூடாது. முள்ளந்தண்டில் சீழ் கட்டி நரம்பை அமுக்கினால் கால்கள் நிரந்தரமாகச் செயலிழக்கலாம்.

வீங்கிய மூட்டெல்லாம் தொற்றா?

இல்லை. சிறுநீரக நோயாளருக்கு யூரிக் அமிலம் படிவதால் கவுட் என்ற மூட்டு வீக்கம் வருவதுண்டு. கல்சியப் பளிங்குகள் படிவதாலும் வீங்கும். சுத்திகரிப்பின்போது குருதி உறையாதிருக்கக் கொடுக்கப்படும் ஹெபரின் காரணமாக மூட்டினுள் குருதி கசியலாம். பல ஆண்டுகள் சுத்திகரிப்புப் பெற்றவர்களுக்கு ஒருவகைப் புரதம் மூட்டுகளில் படிந்து, தோள் நோவையும் கை விறைப்பையும் உண்டாக்கும்.

இவற்றை வெளித்தோற்றத்தால் வேறுபடுத்தி அறிவது கைதேர்ந்த வைத்தியருக்கும் கடினம். எக்ஸ்ரே படமும் ஆரம்ப நாட்களில் இயல்பாகவே இருக்கும். ஒரே மூட்டில் கவுட்டும் கிருமியும் சேர்ந்து இருப்பதும் உண்டு. "முன்பும் கவுட் வந்தது, இதுவும் அதுதான்" என்று வீட்டில் இருந்தே தீர்ப்புச் சொல்வது ஆபத்தானது. ஊசியால் மூட்டு நீரை எடுத்துப் பார்ப்பதே உண்மையை அறியும் வழி.

வைத்தியசாலையில் செய்யப்படுவது என்ன?

செய்யப்படுவதை முன்கூட்டியே அறிந்திருந்தால் பயம் குறையும்.

முதலாவது, மூட்டு நீர் பரிசோதனை. நல்ல மூட்டின் நீர் தெளிவாக, வைக்கோல் நிறத்தில் இருக்கும். ஒரு கன மில்லிமீற்றரில் 200 க்கும் குறைவான வெண்குருதிக் கலங்களே இருக்கும். தொற்றிய மூட்டின் நீர் கலங்கியிருக்கும். கலங்களின் எண்ணிக்கை பெரும்பாலும் 50,000 ஐத் தாண்டும். எண்ணிக்கை குறைவாக இருந்தாலும் தொற்று இல்லை என்று தள்ளிவிட முடியாது. அந்த நீரையும் குருதியையும் ஆய்வுகூடத்தில் வளர்த்துப் பார்த்து, என்ன கிருமி, எந்த மருந்துக்கு அது அடங்கும் என்பதை அறிவார்கள்.

மாதிரி எடுக்கும் முன்னரே கிருமிகொல்லி மருந்து விழுங்கினால், கிருமி வளர்ப்பில் பிடிபடாமற் போகலாம். ஆனால் மூட்டினுள்ளே உயிரோடு இருக்கும். முன்னர் எழுதித் தந்த அன்டிபயோட்டிக் மாத்திரை வீட்டில் மிஞ்சியிருந்தாலும் அதைத் தாமாக எடுக்கக்கூடாது என்று நாம் வலியுறுத்துவது இதனாலேயே. நோயாளர் மிக மோசமான நிலையில் இருந்தால் வைத்தியர்கள் முடிவுகளுக்குக் காத்திராமல் மருந்தைத் தொடங்குவார்கள். அது அவர்களது தீர்மானம்.

இரண்டாவது, சீழை அகற்றுதல். மருந்து மட்டும் போதாது. மூட்டினுள் அடைபட்ட சீழை ஊசியாலோ, சிறு துளையிட்டுக் கருவி மூலமோ, மூட்டைத் திறந்தோ வெளியேற்றிக் கழுவ வேண்டும். சிலருக்கு ஒருமுறை போதும். சிலருக்கு மீண்டும் மீண்டும் செய்ய வேண்டும். சத்திரசிகிச்சைக்குக் கையொப்பமிடத் தயங்கி நாட்களைக் கடத்தும் குடும்பங்களை நாம் கண்டிருக்கின்றோம். அந்த நாட்களில் அழிவது கசியிழையம்.

மூன்றாவது, கிருமிகொல்லி மருந்து. பெரும்பாலும் நான்கு முதல் ஆறு வாரங்கள் வரை கொடுக்க வேண்டி வரும். வன்கோமைசின், செபசோலின் போன்ற மருந்துகளை ஒவ்வொரு சுத்திகரிப்பின் இறுதியிலும் கொடுக்கலாம். நாளாந்தம் புதிதாக ஊசி ஏற்றத் தேவையில்லை. பழகிய மருந்துகளுக்கு அடங்காத ஸ்டபைலோகொக்கஸ் வகையும் உண்டு. அதற்கு வன்கோமைசின் போன்ற மருந்தே வேண்டும். நோ தணிந்துவிட்டது என்று இரண்டாம் வாரத்தில் வீட்டுக்குப் போய்விட்டால் கிருமி மீண்டும் எழும்.

நான்காவது, வாசலைத் தேடிப் பார்த்தல். கதீற்றர்தான் கிருமியின் உறைவிடம் என்றால் அதைக் கழற்ற வேண்டும். இதய வால்வுகளில் கிருமி படிந்துள்ளதா என்று ஸ்கான் செய்தும் பார்ப்பார்கள்.

பற்றீரியா மூட்டுத் தொற்றினால் பொதுவாகப் பத்தில் ஒருவர் வரை இறக்கின்றார்கள். சுத்திகரிப்புப் பெறுவோருக்கு அபாயம் அதனிலும் கூடியது. தப்பியவர்களில் பலருக்கு மூட்டு முன்போல் இயங்குவதில்லை. முடிவைத் தீர்மானிப்பதில் முதற் சில நாட்களுக்குப் பெரும் பங்குண்டு.

வயற் சேற்றில் உள்ள இன்னொரு கிருமி

எமது நாட்டுக் கமக்காரர்கள் குறிப்பாக அறிய வேண்டிய ஒரு நோய் மெலியோயிடோசிஸ். இதன் கிருமி ஈர மண்ணிலும் தேங்கிய நீரிலும் வாழ்கின்றது. காலில் உள்ள வெட்டுக்காயம், வெடிப்பு வழியாகவோ, மூச்சு வழியாகவோ உடலுக்குள் வரும். மழைக்காலத்தில் கூடுதலாகக் காணப்படும். நீரிழிவும் சிறுநீரக நோயும் உள்ளவர்களையும், மது அதிகம் அருந்துவோரையும் இது கடுமையாகத் தாக்கும். இலங்கையில் முதலாவது நோயாளர் பற்றிய பதிவு 1927 ஆம் ஆண்டுக்குரியது. அண்மைய ஆண்டுகளில் ஆய்வுகூடங்கள் தேடிப் பார்க்கத் தொடங்கிய பின்னர், பல மாகாணங்களில் இருந்தும் நோயாளர்கள் இனங்காணப்பட்டுள்ளார்கள்.

இந்தக் கிருமியும் நுரையீரல், ஈரல் ஆகியவற்றோடு மூட்டுகளையும் தாக்கும். வழக்கமாகக் கொடுக்கப்படும் பல மருந்துகளுக்கு இது அடங்காது. செப்டசிடிம் அல்லது மெரோபெனெம் என்ற ஊசி மருந்தைச் சில வாரங்களும், பின்னர் கோ-டிரிமொக்சசோல் மாத்திரையை மூன்று மாதமோ அதற்கு மேலோ எடுக்க வேண்டும். ஆய்வுகூடத்தில் வேறு கிருமி என்று தவறாக எண்ணப்படுவதும் உண்டு. ஆகவே நோயாளர் வைத்தியரிடம் "நான் வயல் வேலை செய்பவன், சேற்றில் இறங்கினேன், காலில் காயம் இருந்தது" என்று தாமாகவே கூற வேண்டும். இந்த ஒரு வசனம் சரியான மருந்துக்கு வழி திறக்கலாம்.

வீட்டில் தவிர்க்க வேண்டியவை

நாட்டு வைத்தியத்தை நாம் பழிக்கவில்லை. சுளுக்குக்கும் பிடிப்புக்கும் எண்ணெயும் ஒத்தடமும் ஆறுதல் தரும். ஆனால் சுத்திகரிப்புப் பெறும் ஒருவரின் சூடான, வீங்கிய மூட்டுக்கு அவை வேண்டாம்.

• எண்ணெய் போட்டு உருவுதல், பத்துப் போட்டு இறுகக் கட்டுதல் கூடாது.
• டைக்குளோபினக், இபுபுரோபென் போன்ற நோ மாத்திரைகளைக் கடையில் வாங்கி விழுங்கக்கூடாது. மிஞ்சியுள்ள சிறுநீரகச் சக்தியை அவை அழிக்கும். இரைப்பையில் குருதிக் கசிவையும் ஏற்படுத்தலாம்.
• தொற்று இல்லை என்று உறுதியாகும் முன் மூட்டுக்குள் ஸ்டீரோயிட் ஊசி போட இணங்கக்கூடாது.
• அடுத்த சுத்திகரிப்பு நாள் வரை காத்திருக்கக்கூடாது.

செய்ய வேண்டியது ஒன்றே. அன்றே வைத்தியசாலைக்குச் செல்லுங்கள். வாகனம் இல்லையென்றால் 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் அரசாங்கத்தின் இலவச அம்புலன்ஸ் வரும். உள்ளே நுழைந்ததும் "நான் குருதிச் சுத்திகரிப்புப் பெறுபவர், மூட்டு வீங்கியிருக்கிறது" என்ற இரண்டையும் சேர்த்துச் சொல்லுங்கள். கிளினிக் கொப்பியையும் மருந்துப் பட்டியலையும் கொண்டு செல்லுங்கள். பிஸ்ரியூலா உள்ள கையில் ஊசி ஏற்றவோ குருதி அமுக்கம் பார்க்கவோ விடாதீர்கள்.

வாசலைக் காத்தல்

வந்த பின் வைத்தியம் செய்வதிலும் வராமற் காப்பது மேல்.

கதீற்றர் உள்ளவர்கள் கட்டு நனையாமற் பார்க்க வேண்டும். குளத்திலோ வாய்க்காலிலோ முழுகுவது, கிணற்றடியில் தலையில் நீர் வார்ப்பது ஆகாது. கழுத்துக்குக் கீழே துணியால் உடலைத் துடைத்துக் கொள்ளலாம். கட்டு நனைந்தாலோ கழன்றாலோ அன்றே மாற்றுவிக்க வேண்டும். சுத்திகரிப்பு நிலையத்துக்கு வெளியே எவரும் குழாயின் மூடியைத் திறக்கக்கூடாது. இணைக்கும்போதும் கழற்றும்போதும் நோயாளரும் தாதியும் முகக்கவசம் அணிவது முறை. மூக்கில் உள்ள கிருமி குழாய்க்குப் போகாமல் அது தடுக்கும்.

பிஸ்ரியூலா உள்ளவர்கள் சுத்திகரிப்புக்கு முன் அந்தக் கையைச் சவர்க்காரமிட்டுக் கழுவ வேண்டும். அந்தக் கையில் பாரம் தூக்குதல், இறுக்கமான காப்பு, மணிக்கூடு என்பன வேண்டாம். துளையின் மேல் உள்ள பொருக்கைச் சொறியக்கூடாது. தினமும் தொட்டுப் பார்த்து, அந்த அதிர்வு இருக்கிறதா என்று அறிய வேண்டும்.

எல்லோரும் பாதங்களைக் கவனிக்க வேண்டும். நீரிழிவு உள்ளவர் காலில் முள் ஏறினாலும் உணரமாட்டார். இரவில் வீட்டார் ஒருவர் விளக்கு வைத்துப் பாதத்தைப் பார்ப்பது பெரிய உதவி. வயலில் இறங்க வேண்டியிருந்தால் காயத்தை மூடி, நீண்ட சப்பாத்து அணிந்து, வந்தவுடன் கழுவ வேண்டும்.

எல்லாவற்றிலும் முக்கியமானது, கதீற்றரோடு காலத்தைக் கடத்தாமை. பிஸ்ரியூலா செய்தபின் அது பயன்படும் நிலைக்கு வர ஆறு வாரங்களோ அதற்கு மேலோ செல்லும். ஆகவே சுத்திகரிப்புத் தேவைப்படும் என்று வைத்தியர் கூறும் காலத்திலேயே, பல மாதங்கள் முன்னதாக, அதைச் செய்துகொள்ள வேண்டும். "இன்னும் நல்லாத்தானே இருக்கிறேன்" என்று கிளினிக்கைத் தவறவிடுபவர், பின்னர் அவசரமாகக் கழுத்துக் குழாயோடு தொடங்க வேண்டியவர் ஆகின்றார்.

சங்கங்கள் செய்யக்கூடியவை

அந்தக் கமக்காரர் தாதியிடம் ஏன் வாய் திறக்கவில்லை? அவர் அறிவீனர் என்பதாலா? இல்லை. அவர் வைத்தியசாலையில் தங்கினால் விதைப்பைப் பார்க்க ஆள் இல்லை. பஸ்ஸைத் தவறவிட்டால் வீடு வர வழி இல்லை. மனைவி கூலிக்குப் போகாவிட்டால் அன்றைய உலை கொதிக்காது. நோயைப் பற்றிய அறிவை மட்டும் கொடுத்துவிட்டு, இந்தக் கணக்கை அவர் தனியே தீர்க்கட்டும் என்று விட்டால் எமது பாடம் பாதிப் பாடம்தான்.

கிராம அபிவிருத்திச் சங்கமும் மாதர் சங்கமும் கமக்காரர் அமைப்பும் சேர்ந்தால் செய்யக்கூடியவை உண்டு. சுத்திகரிப்புப் பெறும் குடும்பங்களின் விபரத்தை அவர்களது சம்மதத்தோடு வைத்திருக்கலாம். அவசரத்துக்கு ஓட்டோ தரக்கூடிய இருவரைக் குறித்து வைக்கலாம். ஒருவர் வாட்டில் தங்க நேர்ந்தால் அவரது விதைப்பையோ அறுவடையையோ கைமாற்று வேலையாக முடித்துக் கொடுக்கலாம். பழைய காலத்தில் எமது கிராமங்கள் இதைச் செய்தன. புதிதாகக் கற்க வேண்டியதில்லை.

அந்தக் கமக்காரருக்கு இப்போது கையில் பிஸ்ரியூலா இருக்கின்றது. ஊன்றுகோலோடு வரம்பு வரை நடக்கின்றார். வயலுக்குள் இறங்குவது மகன். சென்ற முறை நாம் சந்தித்தபோது, சுத்திகரிப்புக்குப் புதிதாக வரும் ஒருவரிடம் தாம் முதலில் சொல்வது என்ன என்று கூறினார்: "மூட்டு நொந்தால் அண்டைக்கே சொல்லிப்போடு. விதைப்பு அடுத்த போகமும் வரும்."

கூட்டத்தில் கலந்துரையாட

1. எமது கிராமத்தில் குருதிச் சுத்திகரிப்புப் பெறுவோர் எத்தனை பேர்? அவர்களில் கதீற்றர் உள்ளவர் எத்தனை பேர்? அவர்கள் பிஸ்ரியூலா செய்துகொள்ளத் தடையாக இருப்பது என்ன?

2. காய்ச்சல் இல்லாமலும் மூட்டில் தொற்று இருக்கலாம் என்பதை அவர்களது வீட்டார் அறிவார்களா? யார், எப்போது சென்று சொல்வது?

3. எமது கடைகளில் நோ மாத்திரைகள் வைத்தியரின் துண்டு இல்லாமல் விற்கப்படுகின்றனவா? கடைக்காரரோடு எவ்வாறு பேசலாம்?

4. ஒருவர் திடீரென ஆறு வாரம் வைத்தியசாலையில் தங்க நேர்ந்தால், அவரது வயலுக்கும் பிள்ளைகளுக்கும் நாம் என்ன ஒழுங்கு செய்வோம்?